கோபுரமும் அதன் தெருவும்



1855 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பொருட்காட்சி நடந்தது. தென்னிந்தியாவின் விளைபொருள்களையும் கைவினைகளையும் அடுக்கிவைத்த அந்தக் காட்சியில் 68 புகைப்படங்களும் இடம்பெற்றிருந்தன. அவற்றில் பேலூர், ஹளேபீடு கோயில்கள் இருந்தன. அதுவரை எந்தக் கேமராவும் எட்டிப் பார்க்காத சிற்பங்கள் அவை. காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இதுவே சிறந்த வரிசை என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். எடுத்தவர் லின்னேயஸ் டிரைப், சென்னைக் காலாட்படை அதிகாரி. புகைப்படம் அவருக்குப் பிழைப்பு அல்ல. விடுப்பில் இங்கிலாந்து போயிருந்த காலத்தில் தொற்றிக்கொண்ட ஆசை. தன் சொந்தச் செலவில், தன் சொந்த ஆர்வத்தில் மாட்டு வண்டிப் பாதைகளில் அலைந்து அந்தப் படங்களை எடுத்து வந்தார்.

இன்றைய பேச்சின் பொருள் அந்த ஆசைதான். ஊரின் பெயர் சொல்லும் கட்டடங்களையும், பயணம் போன இடங்களையும் யாரும் கேட்காமலேயே படமெடுத்துச் சேர்க்கிற பழக்கம். அது வீண் செலவு என்று வீட்டில் சொல்வார்கள். தாஜ்மகாலை எத்தனை கோடிப் பேர் எடுத்தாகிவிட்டது, இன்னொன்று எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேட டிரைப்பிடமிருந்து தொடங்குவது நல்லது.

1854க்கும் 1857க்கும் இடையில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் புகைப்படக் கழகங்கள் முளைத்தன. அவற்றை நிரப்பியவர்களில் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் அரசு ஊழியர்களும் உண்டு. டிரைப்பின் பொருட்காட்சிப் படங்களுக்குக் கிடைத்த பெயர் அவரை 1855இல் பர்மாவுக்கு ஆங்கிலத் தூதுக்குழுவோடு அனுப்பியது. அடுத்து சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் பதவி. 1857இன் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். ராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று 1858 முழுக்க ஆல்பங்களாக வெளிவந்தவை அந்தப் பயணத்தின் அறுவடை.

அந்தக் காலத்துப் படமெடுப்பு எவ்வளவு பாடு என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். டிரைப் பெரும்பாலும் காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். காகிதத்தில் மெழுகேற்றி, வேதிப்பொருளில் நனைத்து, காயவைத்து, கேமராவில் பொருத்தி, நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ரசாயனங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லித்தர ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலில் செய்த வேலை ஒன்று உண்டு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அந்த எழுத்துகள் அவருக்குத் தெரியாது. ராஜராஜன் கட்டிய கோயில் இது என்பதை, கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அந்த எழுத்துகளைப் படித்து ஐயமற நிறுவியது 1880களில்தான். படித்துப் பொருள் சொல்வதற்கு ஒரு தலைமுறை முன்பே, பொருள் தெரியாதவர் ஒருவர் வரிகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார். விமானத்தின் அழகான முழுத் தோற்றத்தோடு அவர் திரும்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதுரையில் அவர் எடுத்தவற்றுள் திருமலை நாயக்கர் மகாலின் படங்கள் முக்கியமானவை. இன்று நாம் பார்க்கும் மகால், கவர்னர் நேப்பியர் காலத்தில், 1866க்குப் பிறகு பழுது பார்க்கப்பட்டது. டிரைப் வந்தபோது அது சிதைந்து கிடந்தது. பழுது பார்ப்பதற்கு முன் எது எப்படி இருந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று கேட்கிற எவரும் அந்தப் படங்களிடம்தான் போக வேண்டும். அதே தொகுப்பில் விளக்குத்தூணும் இருக்கிறது. கோட்டை மதிலை இடித்து மாசி வீதிகளுக்கு வெளியே ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்திய தூண் அது. ஜவுளி வாங்கப் போகிறவர்கள் பேருந்து நடத்துநரிடம் சொல்லும் நிறுத்தத்தின் பெயராகவே இன்று பலருக்கு அது தெரியும். 1858இல் ஒருவர் அதை நினைவுச்சின்னம் என்று மதித்து, கேமராவை அதன் எதிரே நிறுத்தினார்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பதவி நீடிக்கவில்லை. 1859இல் வந்த கவர்னர் டிரெவெல்யன் இது வீண் செலவு என்று துறையையே மூடிவிட்டார். டிரைப் பிறகு அதிகம் படமெடுக்கவில்லை. ஆனால் அந்த நெகட்டிவ்களும் அச்சுகளும் அழியவில்லை. 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அவருக்காகத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

பிற்காலம் தேடும் ஒன்று ஆர்வலரின் பெட்டியில் இருக்கும் என்பதே இந்தக் கதையின் சாரம். நகர அடையாளங்களைப் படமெடுக்கும் பொழுதுபோக்கின் மதிப்பு அழகில் பாதி. மீதிப் பாதி, அந்த இடத்தை அதன் சுற்றத்தோடும் நாளோடும் நின்ற இடத்தோடும் சேர்த்துப் பிடிப்பதில். இந்த மீதிப் பாதியைத்தான் இன்று நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்த உரை.

பயணமும் கேமராவும் எப்படி இணைந்தன என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1877இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவர் சாந்தோ டொமிங்கோவுக்குப் போகத் திட்டமிட்டார். பயணத்தைப் படமாகப் பதிவு செய் என்று அலுவலக நண்பர் சொல்ல, ஈரத்தட்டுக் கேமராவும் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் வாங்கினார். பயணம் நடக்கவே இல்லை. ஆனால் இவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு எவர் பயணம் போவார் என்ற எரிச்சல் அவரை விடவில்லை. அந்த இளைஞர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் கொண்டுவந்த கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்கான சுருள். எடுத்து முடித்தால் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும், படங்களை அச்சிட்டுப் புதுச் சுருளோடு திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிரௌனி கேமராவின் விலை ஒரே ஒரு டாலர். அதோடு சுற்றுலா போகிறவர் கழுத்தில் கேமரா ஏறிவிட்டது.

எண்ணிக்கை பெருகியது, கூடவே ஒரே மாதிரிப் படங்களும் பெருகின. தாஜ்மகால் முன்னுள்ள நீர்த்தொட்டியின் நடுக்கோடு, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வெளியே ஒரே மூலை, ஈஃபிள் கோபுரத்துக்கு எதிரே டிராகாதேரோ மாடம் என எல்லாரும் நிற்கிற இடம் ஒன்றே. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் கேலிக்கு முன்பு 2009இல் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிளிக்கர் தளத்தில் ரோம் என்று தேடி, யார் யாரோ ஏற்றியிருந்த சுமார் 1,50,000 படங்களை எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட 500 கணினிச் செயலிகளை ஒருசேர ஓட்டி, ஒரு படத்தின் தூண் மூலை இன்னொரு படத்தில் எங்கே விழுகிறது என்று பொருத்திப் பொருத்தி, ஒரு நாளுக்குள் கொலோசியத்தையும் புனித பேதுரு பேராலயத்தையும் திரேவி நீரூற்றையும் முப்பரிமாணத்தில் எழுப்பிவிட்டார்கள். தேனிலவுக்குப் போனவர், பள்ளிச் சுற்றுலா போன பையன், ஓய்வு பெற்ற ஆசிரியை என எல்லார் படமும் அதில் ஒவ்வொரு கல். ஒரே காட்சியை ஆயிரம் பேர் ஆயிரம் கோணத்தில் எடுத்ததால்தான் அது முடிந்தது.

ஆனால் அந்த மாதிரியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாரும் எடுத்த முகப்புகள் நெருக்கமாக நிறைந்திருந்தன. யாரும் திரும்பிப் பார்க்காத சந்துகளும் பின்சுவர்களும் வெறுமையாக இருந்தன. படம் இல்லாத இடத்தைக் கணினி கற்பனை செய்து நிரப்பவில்லை.

இழப்பு நேரும்போதுதான் இந்த வெறுமையின் வலி தெரியும். 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது மீட்டருக்கும் உயரமான பெரிய புத்தரைக் கணினியில் மீட்டெழுப்ப சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று மூன்று வகைப் படங்களைத் திரட்டியது. முதலாவது, இணையத்தில் கிடைத்தவை. இரண்டாவது, சுற்றுலாப் பயணி எடுத்தது. மூன்றாவது, 1970 ஆகஸ்டில் ஆஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா அளவைக் கேமராவில் எடுத்தவை. நம்பகமான அளவுகளைத் தந்தவை அந்தக் கடைசிப் படங்களே, ஏனென்றால் எந்தக் கேமராவில், எப்போது, எங்கிருந்து எடுத்தவை என்று தெரியும். மற்ற படங்களில் அளவும் வெவ்வேறு, காலமும் வெவ்வேறு. புத்தர் அவற்றிலும் அழகாகத்தான் இருந்தார். ஆனால் எடுத்தவர் நின்ற இடமும் எடுத்த நாளும் தெரியாத படத்திடம் கேட்கக்கூடிய கேள்விகள் குறைவு.

2015இல் மோசுல் அருங்காட்சியகத்தின் சிற்பங்களை ஐஎஸ் அமைப்பினர் சம்மட்டியால் உடைத்தபோதும் இப்படித்தான். மேத்யூ வின்சென்ட், சான்ஸ் காஃபனவர் என்ற இரு ஆய்வாளர்கள், அங்கே எப்போதோ போனவர்கள் தங்களிடமிருக்கும் படங்களைத் தர வேண்டும் என்று உலகத்திடம் கேட்டார்கள். வந்து சேர்ந்த படங்களிலிருந்து மோசுல் சிங்கம் என்ற சிற்பத்தின் முப்பரிமாண வடிவம் எழுந்தது. அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு சிங்கத்தைச் சுற்றி வந்து எடுத்தவர்களுக்கு அன்று அது வெறும் பயண நினைவு.

சென்னைக்கு வருவோம். 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போனது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. அதன் செங்கல் முகப்பைக் காட்டும் படங்கள் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் கிடைக்கின்றன. ஆனால் மூர் மார்க்கெட்டை நினைவு கூர்கிறவர்கள் முகப்பைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய புத்தகக் கடைகளைப் பற்றியும், இசைத்தட்டுக் குவியலைப் பற்றியும், கூண்டுப் பறவைகளைப் பற்றியும், பேரம் பேசிய நடைவழிகளைப் பற்றியுமே பேசுகிறார்கள். அந்த நடைவழிகள் எத்தனை வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன? எரிந்துபோன கட்டடத்தை வரைபடத்தைக் கொண்டு திரும்ப எழுப்பலாம். நடைவழியில் கடைக்காரர் புத்தகத்தை எந்த வரிசையில் அடுக்கினார் என்பதற்கு வரைபடம் கிடையாது.

அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் 1959இல் திறந்தது. அந்தக் காலத்துப் படங்களில் அது தன்னந்தனியாக வானத்தில் நிற்கிறது. சுற்றிலும் எவ்வளவு திறந்த வெளி இருந்தது, எத்தனை மிதிவண்டிகள் ஓடின, எந்த நிறப் பேருந்து போனது என்பதெல்லாம் அந்தப் படங்களின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. மேற்பாதி இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆக, அறுபது ஆண்டுகளில் விலை ஏறியது படத்தின் எந்தப் பாதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே கைவேலை பற்றிய ஒரு செய்தி கருத்தோடு அழகாகப் பொருந்துகிறது. உயரமான கட்டடத்தை எடுக்கும்போது நாம் இயல்பாகவே கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். சாய்த்த உடனே கோபுரத்தின் இரு பக்கக் கோடுகளும் உச்சியை நோக்கிக் குவிந்து, கட்டடம் பின்னுக்கு விழுவது போலத் தெரியும். கட்டடக்கலைப் புகைப்படக்காரர்கள் இதைத் தவிர்க்க விலையுயர்ந்த ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஆர்வலருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பின்னால் நடந்து போய், கேமராவைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தால் போதும். கோடுகள் நேராகிவிடும். அப்படிப் பிடித்ததும் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தெரு வந்து நிறையும். பூக்கடை, ஆட்டோ நிறுத்தம், சுவரொட்டி, மின்கம்பி எல்லாம் வரும். இதுதான் குறை என்று பலர் வெட்டி எறிகிறார்கள். இதுதான் பேறு. கோபுரம் நேராக நிற்கவும் தெரு பதிவாகவும் ஒரே அசைவு போதும் என்பது இந்தப் பொழுதுபோக்கு நமக்குத் தரும் வரம்.

கைப்பேசிகளில் இப்போது அழிப்பான் வசதி வந்திருக்கிறது. படத்தில் குறுக்கே நிற்கும் ஆளைத் தடவினால் மறைந்துவிடுவார். டிரைப்பின் கோயில் படங்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் தெரியாது; நிமிடக் கணக்கில் திறந்திருக்கும் கேமராவுக்கு முன் நடந்து போகிறவர் பதிய மாட்டார். அந்தக் குறையைக் கடந்து வர அறிவியலுக்குக் காலம் பிடித்தது. 1858இல் மதுரைத் தெருவில் யார் நடந்தார், என்ன உடுத்தினார், தலையில் எதைச் சுமந்தார் என்று பார்க்க இன்று எவ்வளவு ஏங்குகிறோம்! அப்படியிருக்க, மனிதர்களைத் துல்லியமாகப் பிடிக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை நாமே அழிப்பது பெரிய இழப்பு. டிரைப்பும் சில நெகட்டிவ்களில் மேகங்களை வரைந்து சேர்த்திருக்கிறார். ஆகவே படத்தைத் திருத்தும் ஆசை புதிது அல்ல. திருத்திய படத்தை வைத்துக்கொள்ளட்டும். திருத்தாத மூலப்படத்தை மட்டும் அழிக்க வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. தமிழ்நாட்டில் படமெடுக்கிறவருக்குத் திசையறிவே முதல் பாடம். தஞ்சைப் பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. வாயில்களுக்குள் நுழைந்து நிற்கிறவருக்கு விமானத்தின் முகம் காலையில்தான் ஒளிரும். மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்கும். அப்போது நிழலுரு மட்டும் கிடைக்கும். மெரினா கரையில் கடலைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியும் செனட் மண்டபமும் இப்படித்தான்: காலை நடைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது, மாலையில் காற்று வாங்கப் போகிறவருக்குக் கிடைக்காது.

மதுரை இதைவிட நுட்பமானது. அது ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், உச்சிவேளைச் சூரியன் சித்திரை பிறந்தது முதல் ஆவணி முற்பகுதிவரை தலைக்கு வடக்கே போகிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே மொட்டைக் கோபுரம் என்று அழைக்கப்படும் வடக்குக் கோபுரத்தின் வெளிமுகத்தில் பகல் வெயில் நன்றாக விழுவது அந்தச் சில மாதங்களில்தான். நான்கிலும் உயரமான தெற்குக் கோபுரத்துக்கு மார்கழியும் தையும் பொன்னான காலம். நாள் முழுக்கச் சாய்ந்த வெயில் சுதைச் சிற்பங்களின் ஒவ்வொரு கையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். டிசம்பர் விடுமுறையில் வருகிற வெளியூர்க்காரர் வடக்குக் கோபுரம் மங்கலாக விழுந்துவிட்டதே என்று கேமராவைக் குறை சொல்வார். குறை கேமராவில் இல்லை. இந்த அறிவு உள்ளூர்க்காரருக்கு மட்டுமே வாய்ப்பது. அவர் மறுபடியும் போகலாம், ஆனியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை.

மறுபடி போவது என்பதை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் உண்டு. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் 1860களிலும் 70களிலும் அரசு அளவைக் குழுக்களோடு போன புகைப்படக்காரர்கள் மலைகளையும் சுரங்க ஊர்களையும் எடுத்தார்கள். 1977இல் மார்க் கிளெட்டும் அவருடைய தோழர்களும் அந்தப் பழைய படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே இடம், அதே பருவம், அதே நேரம் என்று தேடித் தேடி நின்று திரும்ப எடுத்தார்கள். இருபது ஆண்டுக்குப் பின் கிளெட் தலைமையில் அடுத்த சுற்றும் நடந்தது. ஊர் இருந்த இடத்தில் புதர், புதர் இருந்த இடத்தில் சாலை என்று மாற்றம் படத்துக்குப் படம் தெரிந்தது. பாறைகளோ ஒரு நூற்றாண்டாக அசையவில்லை.

பழைய இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பழைய படத்தில் அருகிலுள்ள பொருள் ஒன்றையும் தொலைவிலுள்ள பொருள் ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மண்டபத் தூணின் விளிம்பு, பின்னால் தெரியும் கோபுரத்தின் எந்த நிலையைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் தூண் கோபுரத்தை விட்டு வலப்பக்கமும், வலப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கமும் விலகும். இரண்டும் பழையபடி தொட்டுக்கொள்ளும் கோடு கிடைத்ததும் முன்னும் பின்னும் நடந்து அளவைப் பொருத்தலாம். நிழலின் நீளம் நேரத்தைச் சொல்லும். ஒரு மணி நேரத்தில் கைவரும் இந்த வித்தை, பொழுதுபோக்குக்காரரை ஊர் வரலாற்றுக்காரராக்கிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. திருவரங்கத்தின் ராஜகோபுரம் 236 அடி உயரம். அது நிறைவடைந்து குடமுழுக்குக் கண்டது 1987இல். எழுபதுகளில் பிறந்த பிள்ளைக்கு முடி இறக்கப் போன குடும்பத்தின் படத்தில் அது நிலைகளே எழாத மொட்டை வாயிலாக நிற்கும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. 2000ஆவது ஆண்டின் முதல் நாளில் 133 அடிச் சிலை திறந்ததிலிருந்து அதுவரை எடுத்த எண்ணற்ற படங்களில் இரு பாறைகளுக்கும் நடுவே கடல் மட்டுமே. இனி வரும் தலைமுறைக்கு, அந்தக் கடல் தெரிகிற படமே அரிய படம். கரையிலிருந்து அதை எடுத்தவர்கள் அன்று அலுத்துக்கொண்டே எடுத்திருப்பார்கள், எல்லாரிடமும் இருக்கும் படம்தானே என்று.

இந்த ஆசைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதை மறைப்பது சரியல்ல. ஜப்பானின் ஃபூஜிகவாகுச்சிகோ என்ற ஊரில், லாசன் என்ற பல்பொருள் கடை ஒன்றின் கூரைக்கு மேல் ஃபூஜி மலை எழுவது போன்ற படம் உலகெங்கும் பரவியது. அதே படத்துக்காகக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் சாலையின் குறுக்கே ஓடினார்கள், அக்கம்பக்கத்துப் பல் மருத்துவமனை வளாகத்துக்குள் புகுந்தார்கள். 2024 மே மாதம் ஊராட்சி 20 மீட்டர் நீளத்துக்கு 2.5 மீட்டர் உயரத்தில் கறுப்பு வலைத்திரை கட்டி மலையையே மறைத்தது. சில நாளிலேயே திரையில் கேமரா நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன. ஓர் ஊரைத் தன் மலையைத் தானே மறைத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளுவது பொழுதுபோக்கு ஆகாது. நூறடி தள்ளி நின்றிருந்தால் அவர்களுக்கு வேறொரு ஃபூஜி கிடைத்திருக்கும்.

சட்டம் பலர் அஞ்சுகிற அளவுக்குக் கடுமையானது அல்ல. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தைப் படமெடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலைக்கும் அப்படியே. பிரான்சில் நிலைமை வேறு. ஈஃபிள் கோபுரத்தின் பகல் தோற்றத்துக்குத் தடையில்லை. ஆனால் 1985இல் பியேர் பிதோ அமைத்த இரவு விளக்கலங்காரம் தனிப் படைப்பு. அதன் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 2018 முதல் படமெடுப்பு தாராளமாயிற்று. ஆயினும் அஜந்தா குகைகள், தாஜ்மகாலின் கல்லறை மண்டபம், லே அரண்மனை போன்ற இடங்களுக்கு விலக்கு இருந்தது. முக்காலி வைக்க முன் அனுமதி தேவை.

தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படமெடுக்கிறவர்களுக்கு இது வருத்தம்தான். ஆனால் கும்பிட வருகிறவரின் உரிமை முதலாவது. அதில் வாதமே கிடையாது. கோயிலுக்கு வெளியே நான்கு மாட வீதிகள் இருக்கின்றன. தேர்முட்டி இருக்கிறது, குளக்கரை இருக்கிறது, மாலை கட்டுகிறவரும் சங்கு வளையல் விற்கிறவரும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் முகம் மலர்ந்து நிற்பார்கள். கேட்காமல் எடுப்பது சட்டத்துக்கு உட்பட்டிருக்கலாம். மரியாதைக்கு உட்பட்டது அல்ல.

எடுத்ததைப் பாதுகாப்பது எடுப்பதைவிட அலுப்பான வேலை. அதனால்தான் அங்கேயே பெரும்பாலோர் தோற்கிறார்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே நாள், நேரம், இடம் பதிவாகிறது. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல்கள் உதிர்ந்துவிடும்; படமும் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஆகவே குடும்பக் குழுவில் வந்த படத்தைச் சேமித்துவிட்டோம் என்று மூலத்தை அழிப்பது, படத்தின் பிறப்புச் சான்றிதழைக் கிழிப்பது போன்றது. இரண்டு இடங்களில் மூலத்தை வைக்க வேண்டும். ஊர், தெரு, எந்தத் திசை பார்த்து நின்றோம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

பொதுமக்கள் பார்வைக்குத் தர விரும்புகிறவர்களுக்கு வழியும் உண்டு. 2010இல் நெதர்லாந்தில் தொடங்கிய விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ் போட்டி அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவி, 1,68,000க்கும் மேற்பட்ட படங்களோடு உலகின் மிகப்பெரிய புகைப்படப் போட்டி என்று கின்னஸ் பதிவில் ஏறியது. 2012இல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. அந்தப் போட்டியின் இணையத் தளத்தில் ஏறும் படத்தை யார் வேண்டுமானாலும் உரிய பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். பாடநூல் எழுதுகிறவரும் உள்ளூர் வரலாறு தேடுகிறவரும் முதலில் போய்ப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

புதிதாக எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த அவையில் இருக்கும் பெரும்பாலோர் வீட்டில், பரண் மேலோ பீரோவின் அடித்தட்டிலோ ஆல்பங்கள் இருக்கும். எழுபதுகள், எண்பதுகளின் வண்ண அச்சுகள் நிறம் வெளுத்துக்கொண்டு வருகின்றன. கடற்கரை ஊர்களின் ஈரத்தில் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடிக்கின்றன. முதலில் அவற்றை உலர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாவிட்டால், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் அச்சை மட்டமாக வைத்து, ஃபிளாஷ் அணைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம். அச்சின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் தாத்தாவின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். புதிதாகக் குறிப்பு எழுதுவதானால் பென்சிலால் எழுத வேண்டும், பால்பாயின்ட் மை முன்பக்கத்துக்கு ஊறக்கூடும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, முன்னால் நிற்கிற சித்தப்பாவைப் பற்றி மட்டும் கேட்காமல், அவருக்குப் பின்னால் தெரிகிற கடை எது, அந்த மரம் எந்தத் தெருவில் நின்றது, அந்தப் பேருந்து எங்கே போகும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.